கீமோ வந்துவிட்டது, செவிலியர் எங்கே?

தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிடுகிறார்கள். ஆடு மாடு வாய் வைக்காத செடி. மழை ஏமாற்றினாலும் தாக்குப்பிடிக்கும். சில ஊர்களில் சுடுகாட்டு மல்லி என்பார்கள். அதன் இலையும் வேரும் மூட்டை மூட்டையாக மருந்து கம்பெனிகளுக்குப் போகின்றன. அந்த இலையில் மிகமிகச் சொற்பமாக இருக்கும் வின்கிறிஸ்டின், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகக் கொடுத்துவரும் மருந்து. அதே மருந்து, அதே சின்னக் குப்பியில், இன்று நம் ஊர் நாய்களுக்கும் ஏறுகிறது.

பெரும்பாலும் அது ஏறுவது தெருநாய்களுக்குத்தான். இனச்சேர்க்கையின்போதும், ஒன்றையொன்று நக்கும்போதும் முகரும்போதும் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குத் தொற்றும் புற்றுக்கட்டி ஒன்று உண்டு. இங்கே தொற்றுவது கிருமி அல்ல, புற்றுச் செல்லேதான். பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஒரு நாயின் உடலில் பிறந்த செல் அந்த நாய் செத்த பிறகும் சாகாமல் நாய் விட்டு நாய் தாவி இன்றுவரை வாழ்கிறது. நோவின்ஸ்கி என்ற ரஷ்யக் கால்நடை மருத்துவர் 1876-லேயே இந்தக் கட்டியை ஒரு நாயிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றி வளர்த்துக் காட்டினார். பிறப்புறுப்பில் ரத்தம் சொட்டச் சொட்ட, காலிஃபிளவர் போல் பிதுங்கி நிற்கும் இந்தக் கட்டியைப் பார்த்தவர்கள் அந்த நாய் பிழைக்காது என்றே நினைப்பார்கள். ஆனால் வாரம் ஒரு ஊசி வீதம் நான்கு முதல் ஆறு வாரம் வின்கிறிஸ்டின் போட்டால் பெரும்பாலான நாய்களுக்குக் கட்டி கரைந்து போய்விடுகிறது. நாய்க்கு வரும் புற்றுநோய்களில் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு முழுசாகக் குணமாவது வேறு எதுவும் இல்லை என்றே சொல்லலாம்.

ஊசிதானே, போட்டுவிட்டால் ஆயிற்று என்று தோன்றும். வின்கிறிஸ்டினைப் பொறுத்தவரை அந்தப் போடுவதில்தான் எல்லாமே இருக்கிறது. ரத்தக்குழாய்க்குள் போனால் மருந்து. ஊசி முனை கொஞ்சம் விலகி ஒரு சொட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துத் தசை வெந்து அழுகி, சில நேரம் காலையே எடுக்கும்படி ஆகிவிடும். நாய் நம்மைப் போல் கையை நீட்டிக்கொண்டு உட்காராது. அது வலிக்கப்போகிறது என்று தெரிந்ததும் காலை இழுக்கும்.

சென்னையில் ஒரு தனியார் கிளினிக்கில் ஒருநாள் மாலை நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டு வாசலில் படுத்துக்கிடக்கும் தெருநாய் ஒன்றை ஒரு பூக்காரப் பெண் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். செம்பட்டை நிறப் பெட்டை. மேசை மேல் ஏற்றியதும் அது நடுங்கியது. "கடிக்காதுங்க, பயந்த புள்ள" என்றார் அந்தப் பெண். கிளினிக்கில் எல்லாரும் அண்ணே என்று கூப்பிடும் உதவியாளர், ஐம்பது வயதிருக்கும், "யக்கா, நீ முன்னால வந்து நின்னு பேசிக்கினே இரு. உன் குரல் கேட்டாப் போதும் அதுக்கு" என்றார். முன்னங்காலில் ஒரு விரல் அகலத்துக்கு முடியை மழித்தார். ஸ்பிரிட் தடவி, ரப்பர் பட்டையைக் கட்டி, கட்டைவிரலால் நீவினார். நாய் காலை இழுத்தபோது அவர் எதிர்த்துப் பிடிக்கவில்லை, கூடவே போய்த் திரும்பக் கொண்டுவந்தார். ரத்தக்குழாயில் பொருத்தும் வென்ஃப்ளான் என்ற மெல்லிய குழாய் முதல் குத்திலேயே உள்ளே போயிற்று. டேப் சுற்றிவிட்டு வெறும் சலைன் தண்ணீரை மெதுவாகச் செலுத்தினார். அந்த இடம் புடைக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். சிரிஞ்சைப் பின்னால் இழுத்தார்; ரத்தம் வந்தது. அப்புறம்தான் "டாக்டர், வரலாம்" என்றார். மருத்துவர் வந்து மருந்தைச் செலுத்தி, குறிப்பு எழுதிவிட்டு, அடுத்த அறைக்குப் போனார். அவர் அங்கே நின்றது இரண்டு நிமிடம். அண்ணே மறுபடி சலைன் விட்டு, ஊசியை எடுத்து, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்தபடி நின்றார்.

அவ்வளவு நேர்த்தியாக வேலை செய்த அந்தக் கைகளில் கையுறை இல்லை. காலியான சிரிஞ்சும் குப்பியும் மற்ற குப்பையோடு ஒரே கூடைக்குப் போயின. போகும்போது அந்தப் பெண் கேட்டார்: "ராத்திரில எங்க வாசல்லதான் படுக்கும். புள்ளைங்க தொட்டா எதுனா ஆவுமா?" அண்ணே, "ஒண்ணும் ஆகாதுக்கா, போ" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கீமோ மருந்து போட்ட நாயின் சிறுநீரிலும் மலத்திலும் வாந்தியிலும் இரண்டு மூன்று நாளைக்கு மருந்தின் மிச்சம் இருக்கும். அதை வெறுங்கையால் அள்ளக் கூடாது, குழந்தைகளை அந்தப் பக்கம் விடக் கூடாது, நிறைய தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் அந்த வேலையைத் தொடவே கூடாது. இது அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்ல ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். வாரத்துக்குப் பல முறை கீமோ ஊசி போடும் அறையில் நிற்கிற அண்ணேயின் உடம்புக்கும் ஒரு பாதுகாப்பு இருந்திருக்க வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது. பிரிட்டனில் அவருக்கு வெட்டரினரி நர்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் வெட்டரினரி டெக்னீஷியன். நம் ஊரில் அசிஸ்டென்ட், கம்பவுண்டர், அட்டெண்டர், தம்பி என்று ஏதேதோ சொல்லிக் கூப்பிடுகிறோம். நாய்க்கும் பூனைக்கும் புற்றுநோய்ச் சிகிச்சை செய்ய மருத்துவர் வந்துவிட்டார், ஸ்கேன் வந்துவிட்டது, மருந்தும் வந்துவிட்டது. அந்தச் சிகிச்சையை நாள்தோறும் தூக்கிச் சுமக்க வேண்டிய பயிற்சி பெற்ற செவிலியர் மட்டும் இல்லை. அவர் இல்லாமல் மற்றவை வந்ததில் பாதிப் பயன்தான்.

ஏன் என்று விளங்க, நிணநீர்ப் புற்றுநோயை எடுத்துக்கொள்ளலாம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பாக்ஸர் போன்ற இனங்களில் அடிக்கடி பார்ப்பது இது. கழுத்துப்பட்டை மாட்டும்போது தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் எலுமிச்சை அளவுக்குக் கட்டி தட்டுப்படும். நாய் மற்றபடி ஓடியாடிக்கொண்டுதான் இருக்கும். ஒன்றும் செய்யாமல் விட்டால் பெரும்பாலான நாய்கள் ஓரிரு மாதத்தில் போய்விடும். நான்கு மருந்துகளை மாற்றி மாற்றிக் கொடுக்கும் கீமோ முறையில் ஏறத்தாழ ஒரு வருடம் வரை நல்லபடியாக வாழ வாய்ப்பு உண்டு. சில நாய்கள் அதற்கு மேலும் தாண்டுகின்றன. முழுசாகக் குணமாவது அபூர்வம். பன்னிரண்டு வருடம் வாழும் பிராணிக்கு ஒரு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை.

இந்தக் கணக்கை வீட்டாருக்கு எப்படிச் சொல்வது? கீமோ என்ற வார்த்தையைக் கேட்டதுமே அவர்கள் கண் முன்னால் வருவது சித்தியோ பெரியப்பாவோ தலைமுடி கொட்டி, எலும்பும் தோலுமாக, வாந்தி எடுத்துக் கிடந்த காட்சி. "அந்தக் கஷ்டத்தை வாயில்லா ஜீவனுக்குக் கொடுக்க மாட்டோம்" என்று எழுந்துவிடுவார்கள். நாய்க்குக் கொடுக்கும் அளவு வேறு என்பது அவர்களுக்குத் தெரியாது. மனிதருக்கு எப்படியாவது நோயை ஒழிக்க வேண்டும் என்று உடல் தாங்கும் எல்லைவரை மருந்தை ஏற்றுகிறார்கள். பிராணிக்கு அப்படி இல்லை. இருக்கும் நாள் நன்றாக இருக்க வேண்டும் என்பதே குறி என்பதால் அளவைக் குறைத்தே கொடுக்கிறார்கள். பெரும்பாலான நாய்களுக்கு முடி பெரிதாகக் கொட்டுவதில்லை. பூடில் போல ஓயாமல் முடி வளரும் இனங்களுக்குக் கொட்டலாம். பூனைக்கு மீசை உதிரலாம். வாந்தி, பேதி வந்தாலும் ஓரிரு நாளில் அடங்கிவிடும். இதையெல்லாம் சொல்லி, அவர்கள் அழுது முடிக்கும்வரை காத்திருந்து, திரும்பக் கேட்டதையே கேட்கும்போது திரும்பச் சொல்ல அரை மணி நேரமாவது வேண்டும். ஓ.பி. வரிசை வாசல்வரை நிற்கும்போது எந்த மருத்துவருக்கும் அந்த நேரம் கிடையாது. அதற்காக மருத்துவரைக் குறை சொல்வது நியாயமும் இல்லை.

வீட்டுக்குப் போன பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. கீமோ ஊசி போட்ட ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை வெள்ளை அணுக்கள் குறையும். அந்த நேரத்தில் கிருமி புகுந்தால் நாய் காலையில் சோர்ந்து படுத்து இரவுக்குள் ஆபத்தான கட்டத்துக்குப் போய்விடும். வெளிநாடுகளில் இந்த நாட்களில் செவிலியர் தானாகவே போன் செய்வார். சாப்பிட்டானா, எழுந்து வாசலுக்கு வந்தானா, காய்ச்சல் பார்த்தீர்களா என்று கேட்பார். நம் வீடுகளில் நாய்க்குக் காய்ச்சல் என்றால் மூக்கைத் தொட்டுப் பார்ப்பார்கள். ஈரமாக இருந்தால் சரி, காய்ந்திருந்தால் காய்ச்சல் என்பது நம்பிக்கை; அதை நம்பிக் கீமோ நாயை விட்டுவைக்க முடியாது. தெர்மாமீட்டரை ஆசனவாயில் வைத்துப் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய்க்கு இயல்பு. 103-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் கிளம்ப வேண்டும். இதைச் செய்துகாட்டி, அந்த வீட்டுப் பெண்ணையோ பையனையோ தன் முன்னாலேயே ஒரு தடவை செய்யச் சொல்லிப் பார்த்து அனுப்பும் ஓர் ஆள் இருந்தால் எத்தனையோ நாய்கள் தப்பிக்கும்.

சைக்ளோபாஸ்பமைடு என்றொரு மாத்திரை இருக்கிறது. அதன் கழிவு சிறுநீர்ப்பையில் தேங்கினால் உள்சுவரைப் புண்ணாக்கி ரத்தமாகப் போகவைக்கும். ஆகவே காலையில் கொடுத்து, நிறைய தண்ணீர் குடிக்கவைத்து, நாய் அடிக்கடி சிறுநீர் கழிக்க வாய்ப்புத் தர வேண்டும். சீட்டில் "காலை ஒன்று" என்று எழுதுவது எளிது. நல்ல செவிலியர் வேறு கேள்வி கேட்பார்: "நீங்க எத்தனாவது மாடி? ஒரு நாளைக்கு எத்தனை தடவை கீழே கூட்டிட்டுப் போவீங்க? பகல்ல வீட்ல யாரு இருக்காங்க?" கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய்விட்டு, ஏழாவது மாடியில் நாய் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஏழு மணிவரை அடக்கிக்கொண்டு கிடக்கும் வீடு அது என்று அப்போதுதான் தெரியவரும். அந்த மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்பதும், இட்லிக்குள்ளோ மீனுக்குள்ளோ முழுசாகப் பொதித்துக் கொடுக்க வேண்டும் என்பதும், கையுறை போட்டே தொட வேண்டும் என்பதும் அந்த உரையாடலில்தான் வரும்.

டாக்ஸோருபிசின் என்ற இன்னொரு மருந்து பார்ப்பதற்கே ரோஜா சர்பத் நிறம். போட்ட பிறகு நாயின் சிறுநீர் சிவப்பாகப் போகலாம். முன்கூட்டியே சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பதறி நடுராத்திரியில் வண்டி பிடித்து ஓடுவார்கள். இந்த மருந்து நாயின் இதயத்தைப் பாதிக்கும். ஆயுளுக்கும் சேர்த்து இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று ஒரு வரம்பு இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு போனது என்று கூட்டி எழுதி, வரம்பை நெருங்கும்போது மருத்துவருக்கு நினைவூட்டுவதும் செவிலியர் வேலைதான். எடை பார்ப்பது, ரத்தப் பரிசோதனை அறிக்கை வந்துவிட்டதா என்று சரிபார்ப்பது, சரியான நாய்க்குச் சரியான மருந்துதானா என்று இன்னொரு கண்ணால் பார்ப்பது, இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியாத வேலைகள். ஒழுங்காக நடக்கும்வரை யாரும் கவனிக்கமாட்டார்கள்.

பூனை வேறு உலகம். வலியை மறைப்பதில் பூனையை மிஞ்ச முடியாது. கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். வீட்டார் தூங்குகிறது என்று நினைப்பார்கள். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தார் பூனையின் முகத்தைப் பார்த்தே வலியை அளக்க ஒரு முறையை வகுத்து 2019-இல் வெளியிட்டார்கள். காது எப்படித் திரும்பியிருக்கிறது, கண் எவ்வளவு இடுங்கியிருக்கிறது, மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி இறுகியிருக்கிறதா, மீசை எப்படி நிற்கிறது, தலை தோளுக்கு மேலா கீழா என்று ஐந்தைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். நாய்களுக்குக் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் உருவாக்கிய அளவுகோல் இருக்கிறது. விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம்; பழகிய கண்ணும், சில மணி நேரத்துக்கு ஒருமுறை போய்ப் பார்க்கும் பொறுமையும் போதும். வலி தெரிந்தால் மருத்துவர் மருந்து கொடுப்பார். தெரியாவிட்டால் வீட்டார் தாங்களே கொடுத்துவிடுகிறார்கள். பூனைக்குப் பாராசிட்டமால் விஷம், ஒரே ஒரு மாத்திரை போதும் உயிரை எடுக்க. மனிதர் சாப்பிடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இதைச் செய்பவர்கள் பாசத்தால்தான் செய்கிறார்கள்.

பூனை சாப்பிடாமல் இருப்பதையும் அப்படியே விடக் கூடாது. சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்து அது தனி நோயாகிவிடும், குறிப்பாகக் கொழுத்த பூனைக்கு. மீனை வெதுவெதுப்பாகச் சூடாக்கி வாசனை வரவைப்பது, ஆழமில்லாத தட்டில் வைப்பது, அதற்கும் மசியாவிட்டால் கழுத்து வழியாக மருத்துவர் வைத்த குழாயில் அரைத்த உணவை மெதுவாக ஏற்றுவது, குழாய் வாயைச் சுத்தம் செய்து கட்டுவது, இவை எல்லாவற்றையும் வீட்டாருக்குக் கற்றுத்தர ஒருவர் வேண்டும். பார்க்கக் கொடூரமாகத் தெரியும் அந்தக் குழாயை, பூனை ஐந்தாறு நாளில் பழகிக்கொண்டு மடியில் படுத்தபடியே சாப்பிடும்.

நோய் வராமல் தடுப்பதிலும் அவருக்குப் பங்குண்டு. நம் ஊர்ப் பெட்டை நாய்களுக்கு மடிக்காம்புகளில் வரும் கட்டி மிக அதிகம். நாய்களில் இதில் ஏறத்தாழ பாதி புற்றாக இருக்கும். பூனைகளிலோ பெரும்பகுதி புற்றுதான். இளம் வயதிலேயே கருத்தடை செய்தால் இந்த அபாயம் வெகுவாகக் குறையும் என்பது மருத்துவர்களின் நீண்ட நாள் கருத்து. "ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே, பாவம்" என்று தள்ளிப்போடும் வீடுகள் ஏராளம். தடுப்பூசிக்கு வரும்போது அந்த வீட்டுப் பெண்ணிடம் உட்கார்ந்து பேசி, மாதம் ஒருமுறை நாயை மல்லாக்கப் போட்டு ஒவ்வொரு காம்பாக விரலால் நெருடிப் பார்க்கச் சொல்லித்தருவது எந்தப் பெரிய மருத்துவமனையும் செய்யாத வேலை. கடலை அளவில் கண்டுபிடித்தால் அறுவையோடு முடியும். தேங்காய் அளவுக்கு வளர்ந்து புண்ணாகிப் புழு வைத்த பிறகு கொண்டுவந்தால் யார் என்ன செய்ய முடியும்?

கடைசியாக ஒன்று இருக்கிறது. எழுதவே தயக்கமாக இருக்கிறது, ஆனாலும் இந்த வேலையின் கனமான பகுதி அதுதான். அலிஸ் வில்லாலோபோஸ் என்ற அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர், நோயுற்ற பிராணியின் வாழ்க்கைத் தரத்தை அளக்க 2004-இல் ஓர் அளவுகோலை முன்வைத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் அதிகமா என்று ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்து மதிப்பெண். மொத்தம் 35-க்கு மேல் இருக்கும்வரை தொடரலாம் என்பது அதன் கணக்கு. கருணைக்கொலை என்ற முடிவை எண்களிடம் ஒப்படைப்பதாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அம்மா ஒன்று சொல்ல, மகள் ஒன்று சொல்ல, அப்பா பேசாமல் வராந்தாவில் நிற்கும் ஒரு வீட்டில், எல்லாரும் ஒரே தாளைப் பார்த்துப் பேச அது ஒரு வழி. மாதக்கணக்கில் அந்த நாய்க்கு ஊசி போட வந்த இடத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்ட செவிலியர் அந்தத் தாளோடு உட்கார்ந்தால் அந்தப் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அவருக்கு அது பாரம்தான். அவர் பிடித்துக்கொள்ளத்தான் அந்தக் கடைசி ஊசியும் போடப்படும். வாரா வாரம் இதையே செய்கிறவரின் மனத்தை யார் பார்த்துக்கொள்வது என்பதையும் பிற நாடுகளில் பாடத்திலேயே சேர்த்திருக்கிறார்கள்.

நம்மிடம் ஏன் இப்படி ஓர் ஆள் உருவாகவில்லை? காரணம் தெளிவானது. நம் கால்நடைத் துறை உழவுக்கும் பாலுக்கும் உருவானது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியபோது முன்னால் நின்றவை குதிரையும் மாடும்தான். புற்றுநோய் என்றால் அந்தக் கால மருத்துவர்களுக்கு எருதின் கொம்பில் வரும் புற்று. துறையின் கீழ் வரிசையில் இருக்கும் கால்நடை ஆய்வாளர்களும் பராமரிப்பு உதவியாளர்களும் சினை ஊசிக்கும் கோமாரித் தடுப்பூசிக்கும் பழகியவர்கள். அந்த வேலையை அவர்கள் அருமையாகச் செய்கிறார்கள். நாய்க்குக் கீமோ என்பது அவர்கள் பயிற்சியில் இருந்த விஷயமே இல்லை.

சட்டமும் அங்கேயே நிற்கிறது. 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, பதிவு பெற்ற மருத்துவரைத் தவிர வேறு யாரும் சிகிச்சை செய்யக் கூடாது என்கிறது. விலக்காக, கால்நடை மேற்பார்வையாளர், கால்நடை உதவியாளர் போன்ற சான்றிதழ் உள்ளவர்கள் மருத்துவரின் மேற்பார்வையில் சிறு சேவைகள் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம். சிறு சேவை என்றால் தடுப்பூசி, காயடிப்பு, காயத்துக்குக் கட்டு முதலியவை; வேறு எவை என்பதை மாநில அரசு அறிவிக்கலாம். செவிலியர் என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் கிடையாது. மனிதருக்கான செவிலியர் கவுன்சில் சட்டமோ 1947-இலேயே வந்துவிட்டது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1909-இல் செவிலியர் பள்ளி தொடங்கினார். 1946-இல் அங்கே அது பட்டப்படிப்பாகவே ஆயிற்று. நோயாளியின் பக்கத்தில் நிற்பவருக்குப் படிப்பும் பட்டமும் வேண்டும் என்று நாட்டுக்கே முன்னோடியாக நின்ற மண் இது.

பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் வெட்டரினரி சர்ஜன்ஸ் 1961-இல் பிராணிச் செவிலி உதவியாளர்களுக்குப் பயிற்சித் திட்டம் தொடங்கியது. நர்ஸ் என்ற பட்டம் மனிதருக்கானது என்று இருந்த தடை காரணமாக 1984 வரை வெட்டரினரி நர்ஸ் என்று போட்டுக்கொள்ள முடியவில்லை. 1991-இல் சட்டத்தைத் திருத்தி, மருத்துவரின் வழிகாட்டலில் மருந்து செலுத்தவும் சிறு அறுவை செய்யவும் பட்டியலில் உள்ள செவிலியருக்கு உரிமை கொடுத்தார்கள். அமெரிக்காவில் டெக்னீஷியன்கள் புற்றுநோய்ப் பராமரிப்பிலேயே சிறப்புத் தகுதி பெற முடிகிறது. பிரிட்டனில் முப்பது வருடம் படிப்படியாக நடந்த மாற்றம் அது. நாம் இன்னும் முதல் படியில் கால் வைக்கவில்லை.

மனிதருக்கே அரசு மருத்துவமனையில் செவிலியர் போதவில்லை, நாய்க்கு என்ன அவசரம் என்று கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் கால்நடைச் செவிலியருக்கான சம்பளத்தின் பெரும்பகுதி தனியார் கிளினிக்குகளிலிருந்தும் பிராணி வளர்ப்போரிடமிருந்தும்தான் வரப்போகிறது; மனிதர் மருத்துவமனையின் ஒரு கட்டில்கூட இதனால் குறையப்போவதில்லை. அரசு செய்ய வேண்டியது பாடமும் தேர்வும் பதிவும். தவிர, இப்படிப் பயின்றவர் புற்றுநோய்க்கு மட்டும் பயன்படமாட்டார். 2023-ஆம் ஆண்டு விதிகளின்படி ஊர் ஊராக நடக்க வேண்டிய தெருநாய்க் கருத்தடை மையங்களில் அறுவைக்குப் பிந்தைய பராமரிப்புக்கு ஆள் பற்றாக்குறைதான் பெரிய தலைவலி. அங்கே கருத்தடை ஒழுங்காக நடந்தால் நான் மேலே சொன்ன தொற்றுப் புற்றும் மடிக்கட்டியும் தாமாகவே குறையும்.

மருத்துவர்களின் தயக்கம் வேறு. அரைகுறையாகக் கற்றவர்கள் நாளைக்குத் தனிக்கடை போட்டுவிடுவார்களே என்பது. கிராமங்களில் போலி மருத்துவர்களால் மாடுகள் செத்ததைப் பார்த்தவர்கள் அவர்கள். பயம் வீண் இல்லை. ஆனால் இன்று கிளினிக்கில் பத்து வருடம் பார்த்துப் பழகியவர் எந்தச் சான்றிதழும் இல்லாமல் வீடு வீடாகப் போய் டிரிப் ஏற்றுவதைத் தடுக்க எந்த ஏற்பாடும் இல்லையே. பதிவேட்டில் பெயர் இருந்தால்தான், தவறு செய்தால் அந்தப் பெயரை நீக்க முடியும். எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று எழுத்தில் இருந்தால்தான் எல்லை தாண்டினார் என்று சொல்ல முடியும்.

பாதுகாப்பைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் கால்நடை மருத்துவமனைகளுக்கும் பொருந்தும். கீமோ மருந்துக் கழிவு தனி அடையாளமிட்ட மஞ்சள் பையில் போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. விதி இருக்கிறது, கையுறை இல்லை. மருந்தைக் குப்பியிலிருந்து உறிஞ்சும்போது காற்றில் தெறிக்கும் நுண்துளிகளைக் கண்ணுக்குத் தெரியாமல் சுவாசிப்பவர் அந்த உதவியாளர். இன்றைக்கே, படிப்பும் சட்டமும் வரும்முன்னரே, கீமோ போடும் ஒவ்வொரு கிளினிக்கும் இதற்கென உள்ள கையுறையும் மேலங்கியும் மஞ்சள் பையும் வாங்கி வைக்க வேண்டும். அந்தச் செலவைப் பில்லில் சேர்த்தாலும் பிராணி வளர்ப்போர் கொடுப்பார்கள்.

1984-ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி கால்நடைச் செவிலியர் என்ற பதிவை உருவாக்க வேண்டியது நாடாளுமன்றம். அதற்குக் காலம் ஆகலாம். கால்நடைக்கென்றே 1989-இல் பல்கலைக்கழகம் கண்ட மாநிலம் அதுவரை கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பிளஸ் டூவில் உயிரியல் படித்து, ஐந்தரை ஆண்டு கால்நடை மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காமல் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரண்டு வருடப் பட்டயப் படிப்பு ஒன்றைக் கால்நடை மருத்துவக் கல்லூரிகளிலேயே தொடங்கலாம். காலையில் வகுப்பு, மற்ற நேரம் ஓ.பி.யிலும் வார்டிலும் வேலை. பாதிக்கும் மேல் நாயும் பூனையும். அதில் ஒரு பருவம் முழுக்கப் புற்றுநோய்ப் பராமரிப்பு. இப்போது கிளினிக்குகளில் இருக்கும் அனுபவசாலிகளுக்கு ஆறு மாதம் வார இறுதி வகுப்பும், செய்முறைத் தேர்வும், சான்றிதழும். அந்த அண்ணேக்கு வென்ஃப்ளான் போட யாரும் கற்றுத்தர வேண்டாம், அவர் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாம். அவருக்குத் தேவை மருந்துகளைப் பற்றிய பாடமும், கையுறையும், சம்பளச் சீட்டில் ஒரு பதவிப் பெயரும்தான். சிறு சேவைகளின் பட்டியலில் எவற்றைச் சேர்ப்பது என்று அறிவிக்கும் அதிகாரம் 30-ஆவது பிரிவின்படி மாநில அரசின் கையில் ஏற்கெனவே இருக்கிறது. வென்ஃப்ளான் பராமரிப்பு, உணவுக்குழாய் பராமரிப்பு, கீமோ போட்ட பிராணியைக் கண்காணிப்பது ஆகிய மூன்றையும் மருத்துவரின் மேற்பார்வையில் என்ற நிபந்தனையோடு அந்தப் பட்டியலில் சேர்ப்பதை, கால்நடைப் பராமரிப்புத் துறை அடுத்த மானியக் கோரிக்கைக்கு முன்பே பரிசீலிக்கலாம்.